ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

பிறந்த குழந்தைகளுக்குப் போடும் ‘உயிருள்ள’ தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னோம், பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் இருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை. டாக்டர்களை நச்சரித்துக் கேட்டு எழுதுகிறவன். என் பதிலைப் படித்துவிட்டு நேராக ஊசி போடவோ, போடாமல் இருக்கவோ போய்விடாதீர்கள். வழியில் ஒரு குழந்தை மருத்துவர் இருக்கட்டும்.

மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் பேரன் அர்த்தம் கேட்கிறான். என்ன சொல்ல?
— ஒரு தாத்தா, சேலையூர்

காற்றையும் வெயிலையும் மருந்தாகக் கொடுத்த இடம் என்று சொல்லுங்கள். காசநோய்க்கு மாத்திரை கண்டுபிடிக்காத காலம். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் இப்படி ஒரு நிலையம் நடத்திய டாக்டர் சௌரிமுத்து, 1928-ல் தாம்பரத்துக் காட்டுவெளியில் ஒன்றைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ‘காட்டுவெளி’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இப்போது அங்கே காற்று வாங்க நின்றால் பஸ் புகைதான் கிடைக்கும்.

எனக்கு இது எட்டாம் மாதம். உயிருள்ள கிருமியைப் பிறந்த அன்றைக்கே குழந்தை உடம்பில் ஏற்றுகிறார்களாமே? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
— முடிச்சூர் வாசகி

வயிற்றில் இருப்பவர் உதைப்பதாகவும் இருக்கலாம் அம்மா. விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் பிறந்தவுடன் மூன்று கொடுக்கிறார்கள்: பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள்காமாலை பி தடுப்பூசி. முதல் இரண்டும் உயிருள்ளவை. மூன்றாவதில் உயிர் கிடையாது, கிருமியின் மேலுறைப் புரதம் மட்டும்தான். பிறகு ஆறாம் வாரம் தொடங்கும் ரோட்டா சொட்டு, ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, இவையும் உயிருள்ளவை.

பி.சி.ஜி.யில் இருப்பது மாட்டுக் காசநோய்க் கிருமி. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் அதை 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் கழித்தார்கள். 1921-ல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். பல் பிடுங்கிய பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீரி உள்ள வீட்டில் அதை விட்டால் கீரிக்குப் பாம்பை அடையாளம் தெரிந்துவிடும். நாளைக்கு நிஜப் பாம்பு வந்தால் தயாராக இருக்கும். பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் கீரி உண்டு. உங்கள் பிள்ளை வீட்டிலும் இருக்கும்.

‘ஏறக்குறைய’ என்று எழுதுவீர்கள் என்று தெரியும். கீரி இல்லாத வீட்டுக்கு என்ன கதி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடம்பாக்கம்

சிவப்பு மையை இன்னும் கீழே வைக்கவில்லை போலிருக்கிறது, சார். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

‘ஸ்கிட்’ என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. எதிர்ப்புப் படையின் தளபதியான டி அணுக்களே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள். அமெரிக்கக் கணக்கில் சுமார் 58,000 பிறப்புக்கு ஒன்று. பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. கொழுகொழுவென்று பிறக்கும், நன்றாக அழும், பால் குடிக்கும். தொல்லையே அங்கேதான். குறை வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பி.சி.ஜி. போடுவதோ முதல் நாளில். அந்த உடம்பில் பல் பிடுங்கிய பாம்புக்குக்கூட எதிரி இல்லை. ஈரல், எலும்பு, மஜ்ஜை என்று பரவிவிடும். 17 நாடுகளில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட 349 ஸ்கிட் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு ஊசியால் சிக்கல். மூன்றில் ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. முதல் மாதத்துக்குள் போட்டவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

ஆனால் முன்கூட்டிக் கண்டுபிடித்தால் கதையே வேறு. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று செய்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்று அமெரிக்காவில் அதே 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே 12 வயதுவரை வாழ்ந்து 1984-ல் இறந்த டேவிட் வெட்டர் என்ற பையனுக்கு இருந்ததும் இதே நோய்தான். அந்தக் காலத்திலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986-லேயே தொடங்கிவிட்டது.

சரி, முன்கூட்டி எப்படித் தெரியும்? மேல்நாட்டில் குதிங்காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் அந்தச் சோதனை கிடையாது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி: “உங்கள் வீட்டில் கைக்குழந்தை ஏதாவது இறந்திருக்கிறதா?”

இதைக் கேட்கக் காசு ஆகாது. பதில் வாங்குவதுதான் கஷ்டம். நம் வீடுகளில் பிரசவ சமயத்தில் செத்த குழந்தையின் பேச்சை எடுத்தால் பாட்டி வாயைப் பொத்துவாள். ஸ்கிட் நோயில் பரவலான ஒரு வகை தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. அதாவது துப்பு இருப்பது தாய்மாமன்களிடம். காது குத்த மடி கொடுக்கும் தாய்மாமனைத் தேடித் தேடி அழைப்போம். பிறந்து நாலாம் மாதம் ‘சீர் தட்டி’ப் போய்விட்டதாகச் சொல்லப்பட்ட தாய்மாமனைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அந்தத் தாய்மாமனைப் பற்றித்தான் பிரசவ வார்டில் சொல்ல வேண்டும். சொன்னால், சோதனை முடிவு வரும்வரை உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போடுவார்கள்.

என்ன சோதனை? ஆயிரக்கணக்கில் ஆகுமா?
— ஆட்டோ ஓட்டுநர், இரும்புலியூர்

முதல் படி வெறும் ‘சி.பி.சி.’தான் தம்பி. எல்லா லேபிலும் எடுக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை. ஆனால் சீட்டைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்த வெள்ளை அணு 6,000, அதில் லிம்போசைட் 20 சதவீதம் என்று வந்திருப்பதாக வையுங்கள். பெருக்கினால் 1,200. உங்களுக்கும் எனக்கும் இது சரியான அளவு. பல லேப் சீட்டுகளில் பக்கத்தில் அச்சடித்திருப்பதும் பெரியவர்களுக்கான அளவுதான், அதனால் நட்சத்திரக் குறி எதுவும் விழாது. வீட்டில் ‘நார்மல்’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். கைக்குழந்தைக்கோ அந்த எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்தாலே டாக்டர் உஷாராக வேண்டும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட லிம்போசைட் அதிகம் இருக்க வேண்டும். சட்டையைப் போல எல்லாமே சின்ன சைஸ் என்று நினைத்துவிடக்கூடாது.

குறைவாக இருந்தால் அடுத்து ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ என்ற சோதனையில் எந்த அணு எத்தனை என்று எண்ணுவார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் வழி சொல்வார்கள். இந்த வகைப் பிறவிக் குறைகளை ஆராயும் தேசிய நிலையம் மும்பையில் இருக்கிறது. இன்னொன்று: லிம்போசைட் சரியாக இருந்தும் பி.சி.ஜி. தொல்லை கொடுக்கிற வேறு சில குறைகளும் உண்டு. ஆகவே சீட்டு நன்றாக வந்தாலும் அந்த வீட்டுக் கதையை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

அத்தை மகளைக் கட்டியிருக்கிறேன். பயப்பட வேண்டுமா?
— கூடுவாஞ்சேரி

அத்தைக்குப் பயப்படுவது வேறு கணக்கு. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணம் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா என்றால், அவர் விட்டுப்போன ஒளிந்த குறை ஒன்று இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்புக் கூடும். ஸ்கிட் நோயின் பல வகைகள் அப்படிச் சேர்ந்து வருபவை, பெண் குழந்தைக்கும் வரும். பயம் வேண்டாம், டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். “சொந்தத்துலயா?” என்று அவர் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் பெண் பார்க்க வரவில்லை.

என் மகள் லண்டனில் பிரசவித்தாள். அங்கே பி.சி.ஜி. 28 நாள் கழித்துத்தான் என்கிறார்கள். இங்கே பிறந்த கையோடு போடுகிறார்கள். யார் செய்வது சரி?
— பல்லாவரம் அம்மா

இரண்டு பேருமே, அம்மா.

2021 செப்டம்பரில் இங்கிலாந்து அந்த மாற்றத்தைச் செய்தது. லண்டன் உட்பட சில இடங்களில் ஸ்கிட் சோதனையைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தார்கள். முடிவு வராமல் உயிருள்ள ஊசி போடக்கூடாதே என்று 28 நாள் தள்ளினார்கள். அங்கே தள்ளலாம். காசநோய் குறைவான ஊர், எல்லாக் குழந்தைக்கும் பி.சி.ஜி. போடுவதும் இல்லை. பெரும்பாலும் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால்தான் போடுவார்கள். அதாவது, உங்கள் பேத்திக்கு அந்த ஊசி கிடைக்கக் காரணமே நீங்கள்தான்.

இங்கே நிலைமை வேறு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில். குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயை, உடம்பெல்லாம் பரவும் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. கெட்டிக்காரன். ஒரு மாதம் பொறுத்துப் போடலாம் என்று இங்கே பொதுவிதி போட்டால், பிரசவம் முடிந்து தாய்வீடு, பிறகு மாமியார் வீடு என்று குழந்தை ஊர் ஊராகப் போகும்போது பலருக்கு ஊசியே தவறிவிடும். பல குழந்தைகளின் மூளைக்காய்ச்சலை விலையாகக் கொடுத்து ஒரு ஸ்கிட் குழந்தையைக் காப்பாற்றுவது நியாயமில்லை. ஆனால் சோதனையையும் இங்கே கொண்டுவந்துவிட்டால் இரண்டு பேரையும் காப்பாற்றலாமே என்பது என் ஆதங்கம். அமெரிக்காவில் 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கியதை, 2018-க்குள் எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. வீட்டுக் கதையைக் கேட்கும் வழக்கத்தையாவது நாம் இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பையனுக்கு மாதம் தவறாமல் சளி. எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையோ?
— குரோம்பேட்டை

பால்வாடிக்குப் போகிறானா? அப்படியானால் வருடத்துக்கு ஆறு எட்டு சளி கணக்கில் சேர்த்தி. சளிக்கு நடுவே ஓடி ஆடி, சோற்றைச் சிந்தி, எடை ஏறுகிறவனுக்கு ஒன்றுமில்லை. எடையே ஏறாமல், வாயில் வெண்படலம் போகாமல், வயிற்றுப்போக்கு நிற்காமல், நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். அப்போது அடுத்த உயிருள்ள தடுப்பு மருந்துக்கு முன்னால் டாக்டர்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியிருக்கும் தாய்க்கு)

உங்கள் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். கிழித்தும் விட்டேன்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூரில் சோதிக்கக் கொடுத்தபோதுதான் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. பிறகு வந்த வருடங்களில், மற்ற இடங்கள் கதவைச் சாத்தியபோது நோயாளிகள் ரயிலேறி வந்த இடம் நம் தாம்பரம் ஆஸ்பத்திரி. உங்களைப் போன்றவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது, கவனித்துக்கொண்டும் இருக்கிறது.

நீங்கள் ஒழுங்காக மாத்திரை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. குழந்தைக்கும் மருந்து தருவார்கள், ஆறாவது வாரத்தில் குதிங்கால் ரத்தத்தை ஒரு காகித அட்டையில் தொட்டெடுத்துச் சோதிப்பார்கள். பி.சி.ஜி. போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது இது: தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும், குழந்தைக்குத் தொற்று உண்டா என்று இன்னும் தெரியாத நிலையில், நோயின் அடையாளம் எதுவும் இல்லையென்றால் போடலாம். தொற்று உறுதியானால் மட்டும், மருந்து தொடங்கிக் குழந்தை தேறி, எதிர்ப்பு அணுக்கள் போதிய அளவு வந்த பிறகு. பிரசவ வார்டில் உங்கள் சிகிச்சைச் சீட்டைக் காட்டத் தயங்காதீர்கள். அங்கே அதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

குடல் புண் நோய்க்கு (கிரோன்ஸ்) இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். இப்போது கர்ப்பம். ஊசி எனக்குத்தானே, பிள்ளைக்கு என்ன?
— ஐ.டி. ஊழியர், பெருங்களத்தூர்

நல்ல வேளை கேட்டீர்கள். உங்கள் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் அந்த மருந்து, கடைசி மூன்று மாதங்களில் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குள்ளும் போய்ச் சேரும். பிறந்த பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். குழந்தைக்குப் பிறவிக் குறை எதுவும் கிடையாது, கீரி இருக்கிறது, ஆனால் மயக்க மருந்தில் தூங்குகிறது. இப்படித் தாய் மருந்தெடுத்த ஒரு குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் பி.சி.ஜி. போட்டு, அது உடம்பெங்கும் பரவி, ஐந்து மாதம்கூட ஆகாமல் இறந்த சம்பவம் பிரிட்டனிலிருந்து 2010-ல் மருத்துவ இதழில் பதிவானது. அங்கே இப்போது இன்ஃப்ளிக்ஸிமாப் விஷயத்தில் 12 மாதம்வரை உயிருள்ள தடுப்பூசி வேண்டாம் என்கிறார்கள். ரோட்டா சொட்டு பற்றி டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. மற்ற ஊசிகள் நாள் தவறாமல் போடலாம்.

உங்கள் சிக்கல் மருத்துவமனைகளுக்கு நடுவே இருக்கிறது. குடல் டாக்டர் ஓரிடம், பிரசவம் வேறிடம், ஊசி போடும் நர்ஸம்மா மூன்றாமிடம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அவர்கள் மூவரையும் சந்தித்த ஒரே ஆள் நீங்கள்தான். தாய்-சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே மருந்தின் பெயரையும், கடைசியாகப் போட்ட தேதியையும் பெரிதாக எழுதிவையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு வம்பு.

மூதறிஞர் ராஜாஜியே பி.சி.ஜி. வேண்டாம் என்றாரே! அவரைவிடவா உமக்குத் தெரியும்?
— பெரியவர், சிட்லபாக்கம்

நிச்சயமாக இல்லை ஐயா. 1955-ல் அவர் எதிர்த்து எழுதியது உண்மை. கிண்டியில் 1948-ல் பி.சி.ஜி. ஆய்வகமே வந்துவிட்டிருந்தது, ஊர் ஊராக ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சோதிக்காமல் இத்தனை லட்சம் பேருக்கா என்பது அவர் கேட்டதில் ஒன்று. கேள்வியில் தப்பில்லை. அதற்குப் பதில் தேடிய உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு 1968-ல் தொடங்கியதும் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான், திருவள்ளூரை மையமாக வைத்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகமே ஆடிப்போனது.

ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பாதி ஜெயித்தார். கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலைத் தடுக்குமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. அதற்கு வேறு ஆய்வுகள் ‘ஆம்’ என்றன. அதனால்தான் குழந்தைகளுக்குப் போடுகிறோம்.

ஊசி போட்ட இடத்தில் ஒரு மாதம் கழித்துக் கொப்புளம் வந்து சீழ் வைத்துவிட்டது. மாமியார் மஞ்சள் பத்துப் போடச் சொல்கிறார்.
— மேடவாக்கம்

மஞ்சளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம், புண், பிறகு தழும்பு என்று மூன்று மாதத்துக்குள் தானாக ஆறும். அதுதான் ஊசி வேலை செய்யும் லட்சணம். அக்குளில் நெரிகட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, சீழ் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலோடு எடை இறங்கினாலோ காட்டுங்கள்.

எங்கள் பெண்ணுக்குத் தழும்பே விழவில்லை. திரும்பப் போடணுமா?
— செம்பாக்கம்

வேண்டாம்.

1.7 கிலோவில் குறைமாதக் குழந்தை. இதுவும் ‘எதிர்ப்புச் சக்தி குறைந்த’ கணக்கா?
— தாம்பரம் மேற்கு

குறைமாதம் வேறு, ஸ்கிட் வேறு. 31 வாரம் தாண்டிப் பிறந்து, நிலைமை சீரானவுடன் பி.சி.ஜி. போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும் நாளில் போடுவார்கள். சின்ன உடம்பு என்று தள்ளித் தள்ளிப் போடாதீர்கள். தொற்றுநோய்க்கு அதுவே முதல் இலக்கு.

தங்கை குழந்தைக்கு ஸ்கிட் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் என் மகனுக்குப் போலியோ சொட்டு கொடுக்கலாமா?
— வண்டலூர்

இப்படி யோசிக்கிற பெரியம்மா அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது பெரிய விஷயம். சொட்டு மருந்து கொடுக்க வேண்டாம். அதன் வைரஸ் மலத்தில் பல வாரம் வெளியேறும், எதிர்ப்பில்லாத குழந்தையின் குடலுக்குள் போனால் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் தங்கிப் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஊசியாகப் போடும் உயிரற்ற போலியோ மருந்து உண்டு, உங்கள் மகனுக்கு அது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காரணத்தைச் சொல்லுங்கள், போலியோ முகாம் நாளன்று வீடு தேடி வருபவர்களிடமும் சொல்லுங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை மட்டும் அவனுக்குக் கட்டாயம் போடுங்கள். அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வராமல் இருக்க, சுற்றியிருக்கிற எல்லோரும் போட்டிருப்பதுதான் வேலி.

அப்படியானால் ஆபத்து இருக்கிறதென்று நீரே ஒத்துக்கொள்கிறீர். யாருக்கும் போடாமலே விட்டால் என்ன?
— வாட்ஸப்பில் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை

வண்டலூருக்கு எழுதியிருக்கும் கடைசி இரண்டு வரியைப் படியுங்கள்.

பி.சி.ஜி.யை எல்லோருக்கும் ஏன் இடது தோளிலேயே போடுகிறார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவி, ராஜகீழ்ப்பாக்கம்

தழும்பைத் தேடி வருகிற கணக்கெடுப்பாளர் இரண்டு கையையும் தூக்கச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான், கண்ணு. உங்கள் தாத்தாவின் கையைப் பார், இதைவிடப் பெரிதாக ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அது பெரியம்மைத் தடுப்பூசி. அதுவும் உயிருள்ள மருந்துதான். 1977-ல் அந்த நோய் நாட்டை விட்டுப் போய்விட்டதாக அறிவித்தார்கள், பிறகு ஊசியும் நின்றது. தாத்தா அதை மாடு முட்டியது என்று சொன்னால் நம்பாதே.